நீக்கிப் பார்த்துத் தீர்ப்பளித்தல்

எஷெரிக்கியா கோலை என்னும் பாக்டீரியாவின் ரைபோசோமில், ஆர்.என்.ஏ. இழை உருவான பின் நொதிகள் அதன்மேல் செய்துவைக்கும் ரசாயன மாற்றங்கள் 36 என்றும், அவற்றுள் 11 சிறு பகுதியின் 16எஸ் இழையிலும் 25 பெரும் பகுதியின் 23எஸ் இழையிலும் உள்ளன என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். மரபுச் செய்தியை வாசிக்கும் இடத்தையும் புரதம் கோக்கப்படும் இடத்தையும் சுற்றியே அவற்றுள் பெரும்பாலானவை அமைந்திருப்பதால், அவற்றுக்கு விசேஷமான காரியம் ஏதோ உண்டு என்று எவரும் அனுமானிப்பர். அக்காரியத்தை நிர்ணயிக்க ஆராய்ச்சியாளர் வழக்கமாகக் கையாளும் முறை எளியது: மாற்றத்தைச் செய்யும் நொதியின் மரபணுவை நீக்கிவிட்டு, பாக்டீரியா எப்படி வளர்கிறது என்று பார்ப்பது.

இம்முறையின் சிறப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஜப்பானில் 1965இல் உமேசாவா குழுவினர் வெளியிட்டு, நெல்லின் குலைநோய்க்கு மருந்தாக விளங்கிய கசுகாமைசினுக்கு மசியாத பாக்டீரியாக்களை ஆராய்ந்தபோது, 16எஸ் இழையின் 1518, 1519ஆம் இடங்களிலுள்ள அடினோசின்கள் ஒவ்வொன்றிலும் இருக்கவேண்டிய இரண்டிரண்டு மெத்தில் தொகுதிகள் இல்லாமற் போனதே காரணம் என்பது துலங்கிற்று. நான்கே மெத்தில் தொகுதிகள்! அவற்றை இழந்த ரைபோசோம் மருந்துக்குத் தப்புகிறது. ஆனால், புரதத்தை எங்கே தொடங்குவது என்பதில் கட்டுப்பாடு தளர்ந்து, வழக்கமான தொடக்கக் குறியல்லாதவற்றிலும் சற்றுத் தாராளமாகத் தொடங்கிவிடுகிறது. காரணத்தையும் காரியத்தையும் இவ்வளவு நேராக இணைத்துக் காட்டும் முறை அரிது.

எனினும், நீக்கப்படுவது மாற்றம் மட்டுமன்று, நொதியும் சேர்ந்தே என்பதை இம்முறை மறைத்துவிடுகிறது. மேற்சொன்ன மெத்தில் தொகுதிகளைச் சேர்க்கும் கே.எஸ்.ஜி.ஏ. என்னும் நொதி, முற்றுப்பெறாத சிறு பகுதியைப் பற்றிக்கொண்டு, வேலை முடிந்த பின்பே விலகுகிறது. வினையாற்ற இயலாதபடி திருத்திய அந்நொதியைப் பாக்டீரியாவுக்குள் வைத்துப் பார்த்தபோது, அது அறவே இல்லாத நிலையைவிட வளர்ச்சி மோசமாகக் குன்றியது. பற்றியதை விடாமல் அது ரைபோசோமின் உருவாக்கத்தையே தடுத்து நின்றது. வெறும் நீக்கத்தால் இது ஒருநாளும் வெளிப்பட்டிராது.

இரண்டாவது குறை, ஒவ்வொன்றாகப் பார்ப்பது. தனித்தனியே நீக்கினால் பல மாற்றங்களின் இழப்பு, சத்துள்ள ஊடகத்தில் வளரும் பாக்டீரியாவை அதிகம் பாதிப்பதில்லை. 23எஸ் இழையின் 2552ஆம் இடத்து மெத்தில் தொகுதியைப் போன்ற சிலவே வளர்ச்சியை வெளிப்படையாகக் குலைக்கின்றன. ஆனால், ஒரு மாற்றமும் இன்றிக் குழாயில் தயாரித்த கோலையின் 23எஸ் இழையால் இயங்கும் பெரும் பகுதியைச் சமைக்க முடியவில்லை என்று ஆராய்ச்சியாளர்களான கிரீனும் நோலரும் 1996இல் காட்டினர். வெப்பம் விரும்பும் சில பாக்டீரியாக்களின் இழையோ மாற்றமின்றியும் இயங்கிற்று என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே, ஒரு மரபணுவை நீக்கிப் பார்த்த அளவிலேயே ஒரு மாற்றத்தை 'அவசியமற்றது' என்று எழுதிவிடுவோர், வினையிழந்த நொதியையும், பல மாற்றங்களைச் சேர்த்து நீக்கிய வகைகளையும், குளிர் போன்ற கடினமான சூழலையும் சோதித்த பின் அச்சொல்லை எழுதுவார்களாக.