தட்டு அல்ல, தூண்

ஜான் லாட்னரின் 'கெமோஸ்பியர்' வீட்டைப் பற்றி யார் எழுதினாலும் 'பறக்கும் தட்டு' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் ஹாலிவுட் மலைச்சரிவில், ஒற்றைத் தூண் மேல் நிற்கும் எண்கோண வீடு. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த உவமை வீட்டை மறைத்துவிடுகிறது என்பது என் கட்சி.

1960-இல் கட்டி முடிந்த இந்த வீட்டின் கதை ஒரு மோசமான மனையில் தொடங்குகிறது. லெனார்ட் மாலின் இளம் விமானத்துறைப் பொறியாளர். மாமனார் கொடுத்த இடமோ ஏறக்குறைய 45 பாகை சரிவு. கையில் 30,000 டாலர். வழக்கமா என்ன செய்வாங்க? மலையை வெட்டிச் சமப்படுத்தித் தடுப்புச்சுவர் எழுப்புவார்கள். லாட்னர் கிட்டத்தட்ட 30 அடி உயரத்துக்கு ஒரே ஒரு கான்கிரீட் தூணை நிறுத்தி, அதன் மேல் வீட்டை வைத்தார். ஏறிப்போக ஒரு சின்ன விஞ்ச். சரிவு சரிவாகவே இருக்கிறது.

புகைப்படங்களில் தெரியாத பகுதிதான் எனக்கு முக்கியம். தூணுக்கு அடியில், மண்ணுக்குள், சுமார் 20 அடி விட்டத்தில் ஒரு கான்கிரீட் பீடம் புதைந்திருக்கிறது. நிலநடுக்கங்களையும் பெருமழைகளையும் வீடு தாங்கியது அதனால்தான். பறக்கிறது என்று நாம் கொண்டாடுவது, நன்றாகக் கால் ஊன்றிய ஒரு வீட்டை.

அதற்காக இதை எளிமையின் கோயிலாக்கவும் எனக்கு மனமில்லை. செலவு பட்ஜெட்டைப் பல மடங்கு தாண்டியது. ஓர் எரிவாயு நிறுவனமும் 'கெம் சீல்' என்ற நிறுவனமும் கைகொடுத்தன. வீட்டின் பெயரே பின்னதிலிருந்து வந்ததுதான். மலையை வெட்டாமல் விடுவதற்கும் பணம் வேண்டியிருந்தது. லாட்னரின் தீர்வு ஊரெங்கும் பரவாமல் ஒற்றை அதிசயமாகவே நின்றுபோனதற்கு இதை விட்டால் வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

சினிமாவும் தட்டைத்தான் எடுத்துக்கொண்டது. பிரையன் டி பால்மாவின் 'பாடி டபுள்' (1984) படத்தில் இது அக்கம்பக்கத்துப் பெண்ணை ஒருவன் ஒளிந்து பார்க்கும் இடம். நிஜத்தில் இது பிள்ளைகுட்டிகளோடு ஒரு குடும்பம் 1972 வரை வாழ்ந்த வீடு. நடுவே செங்கல் சுவர். ஒரு பாதியில் கூடம், மறுபாதியில் படுக்கையறைகள். பிறகு கைமாறி, உள்ளே சீரழிந்து, பதிப்பாளர் பெனடிக்ட் டாஷன் வாங்கிய பின்தான் மீண்டது.

இன்ஸ்டாவில் அடுத்தமுறை இந்த வீடு வந்தால், கொஞ்சம் கீழே பாருங்க. வெட்டப்படாத அந்தச் சரிவும் லாட்னரின் வேலைதான்.