அணி எழுத்தும் புள்ளியும்

மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களின் திருவிழா அறிக்கைகளிலும் நகரங்களின் திருமண அழைப்பிதழ்களிலும் அணி எழுத்து விரும்பப்படுகிறது. தடித்தும் மெலிந்தும் ஓடி முனையில் சுருளும் இவ்வடிவம் ஓலை தந்ததன்று. பட்டைமுனைப் பேனாவால் உரோமன் எழுத்துப் பெற்ற அழகு. எழுத்தாணிக் கோடோ பெரும்பாலும் ஒரே பருமனுடையது. இரவல் அணியாயினும் மணமக்கள் பெயருக்கு அது பொருந்தவே செய்கிறது.

இடரெல்லாம் புள்ளியில்தான். தொல்காப்பியம் மெய்க்கு வகுத்த புள்ளியை ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் விடுத்தனர். ‘கல்’ என்பதும் ‘கல’ என்பதும் ஒன்றாகவே தோன்றின. அச்சு நிலைநிறுத்திய அப்புள்ளியைச் சுருளுக்குள் புதைப்பது அழகாகாது. 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னை ஆகியவற்றின் தலைமேல் வளைந்த பழைய ஐகாரக் குறியை நீக்கியது. அவ்வளைவை அணி எழுத்து தலைப்பில் காத்துக்கொள்ளட்டும்; குற்றமில்லை. பத்தி முழுவதையும் அதில் அச்சிட்டால், எழுத்துக்கூட்டிப் பயிலும் தோட்டப்பள்ளிச் சிறுவனுக்கு ஒற்றும் உயிர்மெய்யும் மயங்கும்.