ஈ, தா, கொடு: இலவசப் பொருளைக் கேட்பதன் இலக்கணம்

பழைய பொருளை இலவசமாகக் கைமாற்றும் குழுக்களில் 'எப்படிக் கேட்பது' என்று ஒரு அறிவுரைப் பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கும். பணிவா கேளுங்க, சொன்ன நேரத்துக்கு வாங்க, நன்றி சொல்லுங்க. எல்லாம் சரிதான். ஆனால் இவை கொடுப்பவர் பக்கம் நின்று எழுதப்பட்டவை. கேட்பவர் எந்த உயரத்தில் நின்று கேட்க வேண்டியிருக்கிறது என்பதை இவை தொடுவதில்லை. அதை முடிவு செய்வது ஆளின் குணம் மட்டுமல்ல, குழுவின் விதிகளும்தான். இரண்டு அமைப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலாவது ஃப்ரீசைக்கிள். 2003 மே மாதம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரில் டெரான் பீல் தொடங்கியது. ஒரு மின்னஞ்சலில் ஆரம்பித்து, யாஹூ குழுக்கள் வழியாகப் பல நாடுகளுக்குப் பரவியது. பயன்படும் பொருள் குப்பைமேட்டுக்குப் போகக் கூடாது என்பதுதான் நோக்கம். அதன் மொத்த இலக்கணமும் நாலே சொல்: ஆஃபர், வாண்டட், டேக்கன், ரிசீவ்டு. தருகிறேன், வேண்டும், போய்விட்டது, கிடைத்துவிட்டது. மடலின் தலைப்பில் இவற்றில் ஒன்று, பொருளின் பெயர், இருக்கும் பகுதி. அவ்வளவுதான். மென்பொருள்காரன் கண்ணுக்கு இது ஒரு ஸ்டேட் மெஷின். பொருள் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும்; ஆளைப் பற்றிப் பேசாது.

இரண்டாவது பை நத்திங். 2013 ஜூலையில் சியாட்டிலுக்கு அருகே பெயின்பிரிட்ஜ் தீவில் ரெபெக்கா ராக்கஃபெல்லர், லீஸல் கிளார்க் இருவரும் ஃபேஸ்புக்கில் தொடங்கியது. நேபாள மலைக் கிராமங்களில் கிளார்க் பார்த்த பகிர்வு முறை இதற்கு ஒரு தூண்டுதல். இங்கே பொருளைவிட அக்கம்பக்க உறவு முக்கியம். அவரவர் வசிக்கும் பகுதியின் குழுவில் மட்டுமே சேரலாம் என்பது தொடக்க கால விதி. முதலில் கேட்டவருக்கே கொடுக்க வேண்டும் என்று இல்லை. கொஞ்சம் பொறுங்கள், கேட்பவர்களின் கதைகளைப் படியுங்கள், பிறகு விரும்பியவருக்குக் கொடுங்கள் என்று அது ஊக்குவித்தது.

இரண்டாவதுதான் மனிதத்தன்மை உள்ளதாகத் தோன்றும். எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், எச்சவியலில், ஒரு விதி இருக்கிறது. ஈ, தா, கொடு மூன்றும் ஒன்றை வேண்டிக் கேட்கும் சொற்கள். தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்டால் 'ஈ'. சமமானவரிடம் 'தா'. உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் கேட்டால் 'கொடு'. பின்னால் வந்த நன்னூலும் இதைச் சொல்கிறது. பொருள் மாறவில்லை பாருங்க. இரண்டு பேருக்கு நடுவே உள்ள உயரம் மாறினால் வினைச்சொல்லே மாறிவிடுகிறது. இன்றைய பேச்சில் 'ஈ' இல்லை. உயரங்கள் இருக்கின்றன.

ஒரு குழந்தைக் கட்டில்னு வச்சுக்குங்க. ஒருத்தர், "எனக்கு வேணும், சனிக்கிழமை காலையில வந்து எடுத்துக்கிறேன்" என்று எழுதுகிறார். இன்னொருத்தர் வீட்டுக்காரருக்கு வேலை போனதையும், வாடகை பாக்கியையும் எழுதுகிறார். கட்டில் இரண்டாமவருக்குப் போகிறது. தனியாகப் பார்த்தால் நல்ல காரியம். ஆனால் மொத்தக் குழுவும் அதைப் படித்து ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது: அடுத்த தடவை கஷ்டத்தைச் சொன்னால்தான் கிடைக்கும். அதுவும் யார் முன்னால்? தினமும் பள்ளி வாசலில் பார்க்கிற அதே அக்கம்பக்கத்தார் முன்னால். 'தா' என்று கேட்க வந்தவரை விதி 'ஈ' சொல்ல வைக்கிறது.

மார்செல் மோஸ் 1925-ல் எழுதிய கட்டுரையில் கொடுப்பது, ஏற்பது, திருப்பித் தருவது மூன்றும் சேர்ந்ததே அன்பளிப்பு என்றார். அதை வைத்துப் பார்த்தால், இங்கே கதைதான் திருப்பித் தரும் பணம். அதுவும் முன்பணம். கதையைக் கட்டிய பிறகும் பொருள் கிடைக்காமல் போகலாம். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. அந்த ஊர் மொழியில் நன்றாக எழுதத் தெரியாத குடியேறிக்கு இது தோற்றுப்போகும் எழுத்துப் போட்டி. உண்மையில் இல்லாதவர் பலர் கேட்கவே மாட்டார்கள்.

அதற்காக ஃப்ரீசைக்கிளின் வறட்சிதான் சரி என்றும் சொல்லிவிட முடியாது. கதையும் இல்லை, வேறு விதியும் இல்லை என்றால் பெரும்பாலும் முந்தியவருக்கே பொருள். நாள் முழுக்க ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பவரும், வண்டி வைத்துக்கொண்டு வாங்கி விற்பவரும் முந்துவார்கள். ஷிஃப்ட் முடிந்து இரவு பத்து மணிக்குப் பார்ப்பவருக்கு 'டேக்கன்' மட்டும்தான் மிஞ்சும். பை நத்திங்கின் 'பொறுங்கள்' என்ற பாதி நல்ல பாதி. எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

கேட்பவர் சொல்ல வேண்டியது மூன்று என்பேன்: எது வேண்டும், எப்போது வர முடியும், எப்படி எடுத்துப் போவேன். வண்டி இல்லை என்றால் அதை முதலிலேயே சொல்வது மரியாதை. கடைசியில் "வீட்டுக்கே கொண்டுவந்து தர முடியுமா" என்று கேட்பது மரியாதை இல்லை. வர முடியாமல் போனால் உடனே சொல்லிவிட வேண்டும், அடுத்தவர் காத்திருக்கிறார். கொடுப்பவர் ஒரு நாள் பொறுத்து, கேட்டவர்களில் குலுக்கிப் போட்டு எடுக்கட்டும். சீட்டுக் குலுக்கினாலும் சரி, ஒரு வரி ரேண்டம் ஃபங்ஷன் எழுதினாலும் சரி.

குலுக்கலில் தேவை அதிகம் உள்ளவருக்குக் கிடைக்காமல் போகலாமே என்பார்கள். போகலாம். தேவை அறிந்து கொடுக்க விரும்புகிறவர், தெரிந்த ஒருவரிடம் தனியாகப் போய்க் கொடுக்கலாம். ஊர் முன்னால் போட்டி வைக்கத் தேவையில்லை. பொதுவில் வைத்துவிட்ட பொருளுக்குக் கை நீட்டும் எல்லோரும் ஒரே உயரம்.

உங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் இப்படிப் பொருள் கைமாறினால், அட்மினிடம் ஒரு வரியை மட்டும் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள்: "காரணம் சொல்ல வேண்டியதில்லை." இதுவரை வாய் திறக்காத யார் யார் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள்.