ஹிஜ்ரி 1300 எந்த ஆண்டு?

நம்மட நூற்பட்டியல்களில் ஒரு பழக்கம் ஊறிப்போய்க் கிடக்கிறது. பழைய அறபுத் தமிழ்க் கிதாபின் முகப்பில் ஹிஜ்ரி ஆண்டுதான் இருக்கும். பட்டியல் செய்பவர் அதைக் கிறிஸ்தவ ஆண்டாக மாற்றி ஒற்றை எண்ணாக எழுதுவார், ஹிஜ்ரியை விட்டுவிடுவார். பட்டியலை ஆங்கிலத்தில் பெயர்ப்பவரும் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வார். மூல ஆண்டு தொலைந்துபோகும்.

ஹிஜ்ரி 1300ஐப் பாருங்கள். அது 1882 நவம்பர் நடுப்பகுதியில் தொடங்கி 1883 நவம்பர் தொடக்கத்தில் முடிகிறது. ஏறத்தாழ ஐம்பது நாள்தான் 1882க்குள் வரும்; மீதி முந்நூறு நாளும் 1883இல். சித்தி லெப்பையின் 'முஸ்லிம் நேசன்' 1882 டிசம்பரில் வெளிவந்ததால் அந்த ஐம்பது நாளுக்குள் அடங்குகிறது. அதே ஆண்டு றமழானில் அச்சான கிதாபோ 1883க்குரியது. இரண்டுக்கும் '1882' என்று போட்டால் ஒன்று பிழை.

"ஒரு வருசம் முன்ன பின்ன போனா என்ன சேர்?" என்று மாணவர் கேட்பதுண்டு. 'அசன்பே சரித்திரம்' 1885இல் வந்தது என்பதை வைத்துத்தானே தமிழ் நாவல் வரலாற்றின் தொடக்கத்தில் நமக்கு இடம் கேட்கிறோம்? எது முந்தியது, எது மறுபதிப்பு என்பதெல்லாம் ஆண்டை நம்பி நிற்கிற வாதங்கள். நமது ஆண்டுகளே ஆட்டங்கண்டால் பிறர் எப்படி நம்புவார்கள்?

ஜப்பானிய நூல்களை ஆங்கிலத்தில் பட்டியலிடுவோர் 'மெய்ஜி 18 [1885]' என்று இரண்டையும் எழுதும் வழக்கம் உண்டு. 1873 முதல் ஜப்பான் கிறகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டதால் அவர்களுக்கு மாற்றுவது சுலபம். அப்படியிருந்தும் மூலத்தை விடுவதில்லை. நமக்கோ ஒரு ஹிஜ்ரி ஆண்டு பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளில் விழுகிறது. நாம்தான் மூலத்தை எறிந்துவிடுகிறோம்.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. முகப்பில் உள்ளதை உள்ளபடி முதலில் எழுதி, அடைப்புக்குள் 'ஹி. 1300 [1882/83]' என்று இரண்டு ஆண்டையும் தர வேண்டும். மாதம் இருந்தால் ஒன்றாகக் குறுக்கலாம். சில நூல்களில் தமிழ் வருடப் பெயரும் இருக்கும். ஹிஜ்ரி 1300உடன் 'சுபானு' என்றிருந்தால் நூல் 1883 சித்திரைக்குப் பிந்தியது. 'சித்திரபானு' என்றால் அதற்கு முந்தியது. வேறு ஆதாரம் இல்லாவிட்டால் இரண்டு ஆண்டையும் அப்படியே விட்டுவிடுவதுதான் நேர்மை.