கட்டிலுக்கும் ப்ளக்குக்கும் நடுவே

மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகம், நான்கு சக்கரம், முன்னால் கூடை, கழற்றினால் நான்கு துண்டு. இந்த ரக மொபிலிட்டி ஸ்கூட்டருக்கு விற்பனைத் தாளில் போட்டிருப்பதை வாங்க நினைப்பவர்கள் ஏற்கெனவே படித்திருப்பார்கள். நான் இதோடு மாதக்கணக்கில் புழங்கிவிட்டேன். கடலூரிலும் சிதம்பரத்திலும் துணைக்கு ஆளில்லாமல் லாட்ஜ் எடுத்துத் தங்கியிருக்கிறேன். அதன் பிறகு யார் வந்து "வண்டி எப்படி?" என்று கேட்டாலும், வேகத்தையோ மைலேஜையோ விட்டுவிட்டு, சார்ஜ் போடும் துளையைப் பற்றித்தான் பேச ஆரம்பிக்கிறேன்.

அந்தத் துளை இருக்கைக்குப் பின்னால், பேட்டரிப் பெட்டியின் அடிப்பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு ரப்பர் மூடி. வண்டியில் உட்கார்ந்தபடி அதை எட்ட முடியாது. இறங்க வேண்டும், கைப்பிடியைப் பிடித்தபடி பின்பக்கம் சுற்றி வர வேண்டும், குனிந்து மூடியை நிமிண்ட வேண்டும், மூன்று முள்ளும் சரியாக உட்காரும்வரை ப்ளக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எனக்கு வலது காலில் போலியோ. காலிப்பரும் கைத்தடியும் இருந்தால் பத்தடி நடப்பேன். குனிந்தால் நிமிர எதையாவது பிடித்தாக வேண்டும். இந்த வண்டியை வாங்கும் எல்லோருக்குமே இதில் ஏதோ ஒன்று முடியாது, அதனால்தான் வாங்குகிறார்கள். அப்படிப்பட்டவர்கள் தினமும் கை வைக்க வேண்டிய இடத்தை, நன்றாக நடக்கத் தெரிந்தவர் மட்டும் எட்டுகிற மூலையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் இது அவ்வளவாகத் தெரியாது. ராத்திரி வீட்டில் யாராவது சொருகிவிடுவார்கள். லாட்ஜ் அறையில் தனியாக இருக்கும்போதுதான் விஷயம் பிடிபடும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் தங்கிய அறையில் பெரிய ப்ளக் பாயிண்ட் டி.வி.க்குக் கீழே இருந்தது. கட்டில் எதிர்ச்சுவரில். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன பாயிண்டில் ப்ளக் நிற்கவில்லை, தொளதொளவென்று ஆடி விழுந்தது. சார்ஜர் வயரோ ஆறடிகூட வராது. ஆக, வண்டி டி.வி. பக்கம் நிற்க வேண்டும், நான் இந்தப் பக்கம் படுக்க வேண்டும். காலைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டுப் படுப்பது போலத்தான் அது.

ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது இந்த வண்டி நகராது. மூன்றாவது முள்ளின் வேலையே அதுதான்: வயரை இழுத்துக்கொண்டு யாரும் ஓட்டிவிடக் கூடாது என்று மோட்டாரைத் தடுத்து வைக்கும். அது நல்ல ஏற்பாடு, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் வண்டியை எடுக்க வேண்டுமானால் முதலில் வண்டி வரை நடக்க வேண்டும், பின்பக்கம் சுற்றிப்போய்க் குனிந்து ப்ளக்கை உருவ வேண்டும். அதைச் செய்து முடிக்கிற தெம்பு இருந்தால் நேராகப் பாத்ரூமுக்கே நடந்துவிடலாம். இருட்டில், புது இடத்தில், மொசைக் தரையில், காலிப்பர் மாட்டாமல்.

பேட்டரியைத் தனியாகக் கழற்றிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து சார்ஜ் போடலாமே என்பார்கள். போடலாம். பத்துக் கிலோவைத் தூக்க ஆள் வேண்டும், தூக்கிவிட்டால் ராத்திரி முழுக்க வண்டி உயிரில்லாமல் நிற்கும். டி.வி. பக்கமே விடலாம் என்றால் அந்த அறையில் அது கதவுக்கு நேர் எதிரே. வண்டி அங்கே நின்றால் கதவு பாதிதான் திறக்கும். தீயோ புகையோ வந்தால் வெளியேறும் ஒரே வழியை என் வண்டியே அடைத்துக்கொண்டு நிற்கும். வேகமாக எழுந்து ஓட முடியாதவருக்கு இதைவிட ஆபத்தான நிறுத்துமிடம் இல்லை.

தீ என்றதும் ரிசப்ஷன் நினைவுக்கு வருகிறது. சிதம்பரத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜர் வண்டியை மாடிக்கு விடவே மாட்டேன் என்றார். "கரண்ட் வண்டி மேடம், வெடிச்சிடும்." அவர் பயம் பொய்யில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு தகப்பனும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். ஆனால் அது லித்தியம் அயன் பேட்டரியில் ஓடும் சாலை வண்டி. என்னுடையதில் இருப்பது மூடி முத்திரையிட்ட ஈய அமில பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரியின் தம்பி முறை. அதைப் பொறுமையாக விளக்கினேன். ஆர்.சி. புக் கேட்டார். 250 வாட்டுக்குள்ளும் 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ளும் இருக்கும் பேட்டரி வண்டி மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் வாகனமே இல்லை, பதிவு தேவையில்லை என்றேன். கடைசியில், சார்ஜ் போட ஒரு நாளைக்கு நூறு ரூபாய் தனியாக ஆகும் என்றார்.

இந்தக் கணக்கை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். 24 வோல்ட், 12 ஆம்பியர் மணி. பெருக்கினால் 288 வாட் மணி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்துக்கொண்டாலும் அடிமட்டத்திலிருந்து நிரப்ப அரை யூனிட்டைத் தாண்டாது. அதே லாட்ஜில் ஒன்றரை டன் ஏ.சி. ஒரு மணி நேரம் முழுமூச்சாக ஓடினால் அதற்கு மேலே இழுக்கும். நூறு ரூபாய் எந்த மின் கட்டணத்திலும் வராது. நான் ஏ.சி. இல்லாத அறை எடுத்துக்கொண்டு அதைக் கொடுக்க மறுத்தேன், அவரும் விட்டுவிட்டார்.

கீ டேக் இன்னொரு தொல்லை. சுவரில் சொருகினால்தான் அறைக்கே மின்சாரம், எடுத்துக்கொண்டு வெளியே போனால் சார்ஜும் நின்றுபோகும். நடராஜர் கோயிலுக்குள் வண்டி வராது, வாசற்படிகளும் கல் நிலைகளும் விடாது. அப்போது வண்டியை அறையில் சார்ஜில் விட்டு ஆட்டோவில் போவேன். கீ டேக்கை விட்டுவிட்டுப் போக ரிசப்ஷனில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அப்படியும் ரூம் பாய் வந்து உருவிவிடுவதுண்டு. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் லைட்டும் ஃபேனும் ஓடும், ப்ளக் பாயிண்ட் ஓடாது. அதனால் விடிகிறபோது எவ்வளவு ஏறியிருக்கும் என்று படுக்கும்போது சொல்ல முடியாது.

ரூம் பாய்களைக் குறை சொல்ல மாட்டேன். உதவ ஓடி வருகிறவர்கள் அவர்கள்தான். ஆனால் வண்டி அவர்களுக்கும் ஒத்துழைப்பதில்லை. சாவியை அணைத்தால் காந்த பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், தள்ளினால் நகராது. "அக்கா, வண்டி ஜாம் ஆயிடுச்சுக்கா" என்று ஒரு தம்பி பதறிப்போய்க் கைப்பிடியைப் பிடித்துத் தூக்க, கைப்பிடி தனியாக அவர் கையோடு வந்துவிட்டது. பிரேக்கை விடுவிக்கிற லிவர் எங்கே? அதுவும் பின்னால்தான், துளைக்குப் பக்கத்திலேயே. மஞ்சள் நிறத்தில் பெரிதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால்கூடப் போதும், பார்த்ததும் புரிந்திருக்கும். இப்போது நானே இன்சுலேஷன் டேப் சுற்றி, "தள்ள: கீழே அழுத்தவும்" என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

திரும்புவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். சக்கர நாற்காலி நின்ற இடத்திலேயே சுழலும். ஸ்கூட்டர் கார் மாதிரி வளைந்துதான் வரும். பொதுக் கட்டடங்களுக்கான 2021-ஆம் ஆண்டு அணுகல் வழிகாட்டி நெறிகள் சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டமும், கதவில் 90 சென்டிமீட்டர் வழியும் கேட்கின்றன. அந்த வட்டமே என் வண்டிக்குப் போதாது. நம் ஊர் லாட்ஜ்களில் அதுவும் கிடையாது. பாத்ரூம் கதவு இரண்டரை அடிக்குள், வாசலில் தண்ணீர் தடுக்க ஒரு மேடு. 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த நெறிகளை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைக்கிற விதி சட்டத்துக்கு முரணானது, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டியவற்றை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்று சொன்னது. தீர்ப்பு வந்து எத்தனை நாள் ஆனாலும் நான் கால் வைத்த லாட்ஜ் பாத்ரூம்களில் அந்த மேடு அப்படியே இருக்கிறது. எனக்கு இது கோபம் வருகிற விஷயம், மறைக்கப் போவதில்லை.

இத்தனைக்கும் வண்டியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. சிதம்பரத்துத் தேர் வீதிகளில் விடிகாலையில் ஓட்டிப் பாருங்கள், புரியும். கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி நான்கும் தேர் ஓடுவதற்கென்றே அகலமாகவும் சமமாகவும் அமைந்தவை. கோயிலைச் சுற்றி முழு வலம், யார் தயவும் இல்லாமல், கோலம் போடுகிறவர்களோடு பேசி நின்று, டீ குடித்து, மறுபடி கிளம்பி. ஆறு கிலோமீட்டர் வேகம் அதற்கு மிகச் சரியாக இருக்கிறது. கடலூரில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் தளம் போட்ட இடம்வரை சந்தோஷமாகப் போகும். மணல் தொடங்கியதும் சின்னச் சக்கரம் புதைந்துவிடும். அதை வண்டியின் குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

துளைக்கு வருவோம். வேறு விதமாக யோசித்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான டி.டி.கே. மையத்தோடு சேர்ந்து நியோமோஷன் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட நியோபோல்ட், சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொள்கிற மோட்டார் இணைப்பு. அறைக்கு வந்ததும் கழற்றி மூலையில் சார்ஜில் விட்டுவிடலாம், நாற்காலி கட்டிலோடு ஒட்டி நிற்கும். காலும் மோட்டாரும் வேறு வேறு என்று முடிவெடுத்த அந்த யோசனையை நான் மதிக்கிறேன். எனக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் என் தோள். கையால் சக்கரம் தள்ளுகிற பலம் அதில் இல்லை. தோள் நன்றாக இருப்பவர்கள், அடிக்கடி வெளியூரில் தங்குகிறவர்கள் அதை முதலில் பார்க்கட்டும்.

எனக்கு வழி கிடைத்தது மைக் செட் கடையில். சார்ஜரின் மூன்று முள் ப்ளக் வேறொன்றுமில்லை, மேடை மைக் வயரில் இருக்கிற அதே எக்ஸ்.எல்.ஆர். சிதம்பரத்தில் மைக் செட் வாடகைக்கு விடும் ஒரு அண்ணன் அதைப் பார்த்ததுமே, "இது நம்ம பின்னுதாம்மா" என்றார். ஒரு முனையில் ஆண் பின், மறுமுனையில் பெண் பின் வைத்து, சின்னதாக ஒன்றும் மூன்று மீட்டரில் ஒன்றுமாக இரண்டு நீட்டிப்பு வயர் செய்து கொடுத்தார். சின்ன வயரின் ஒரு முனை வண்டியின் பின்புறத் துளையில் சொருகியே இருக்கும். மறுமுனையைக் கைப்பிடிவரை கொண்டுவந்து கட்டியிருக்கிறேன். நீள வயர் சார்ஜரோடு சேர்ந்திருக்கும். சார்ஜர் எங்கோ டி.வி.க்குக் கீழே. வண்டி என் கட்டிலோடு ஒட்டி. இரண்டு வயரும் சேர்கிற இடம் என் தலையணைக்குப் பக்கத்தில். ராத்திரி எழுந்தால் படுத்தபடியே இணைப்பைப் பிரிக்கிறேன், மோட்டார் விடுபடுகிறது, ஏறி உட்கார்ந்து பாத்ரூம் வாசல்வரை போகிறேன். அறையைக் கடந்து வருவதும் 230 வோல்ட் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லை, 24 வோல்ட் வயர்தான்.

செய்துகொள்ள நினைப்பவர்கள் சிலதைக் கவனிக்க வேண்டும். மைக் வயரையே போடக் கூடாது, அது மெலிசு, சூடாகும். தடித்த செம்பு வயர் வேண்டும். முள் எண் மாறாமல் ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று பற்றவைக்க வேண்டும். ஒன்றும் இரண்டும் மாறினால் சார்ஜரோ பேட்டரியோ கெட்டுப்போகும். மூன்றாவதை விட்டுவிட்டால் வயரோடு வண்டி கிளம்பிவிடும். வண்டியில் சொருகும் முதல் தடவை மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் சொருகுங்கள். தொங்கும் வயர் சக்கரத்தில் சிக்காமல் கட்டி வையுங்கள்.

என் வண்டியின் நிறுவனத்துக்கு போன் செய்து இதைச் சொன்னேன். வெளி வயர் போட்டால் வாரண்டி போய்விடும் என்றார்கள். அப்படியானால் துளையை ஹேண்டிலுக்குக் கொண்டுவாருங்கள், அங்கே துளை வைத்த மாடல்கள் சந்தையில் இருக்கின்றனவே என்று கேட்டேன். மெயில் அனுப்பச் சொன்னார்கள். துளை, லிவர், வயர் நீளம் மூன்றையும் அளந்து, படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். இதே வண்டியை வைத்திருப்பவர்களும் அனுப்புங்கள்.