வழிதவறும் உரிமை

பாரிஸ் பற்றி 1952இல் வெளியான தம் ஆய்வில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் ஷொம்பார் தெ லோவ் ஒரு வரைபடத்தைச் சேர்த்திருந்தார். ஒரு மாணவி ஓராண்டில் போய்வந்த பாதைகள் அதில் கோடுகளாக இருக்கின்றன. கல்லூரி, வீடு, பியானோ ஆசிரியரின் வீடு. மூன்று புள்ளிகள், ஒரு முக்கோணம்.

1956இல் 'அலைதல்' பற்றி எழுதிய கீ தெபோர், இந்த வரைபடத்தைக் காட்டி, ஒரு வாழ்க்கை இவ்வளவு குறுகலாக இருக்கலாமா என்று சினந்தார். வேலையையும் வழக்கமான காரணங்களையும் விட்டு, நகரம் இழுக்கும் திசையில் நடக்கச் சொன்னார். லண்டன் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பகுதியில் சுற்றிய ஒரு நண்பரையும் அவர் குறிப்பிட்டதுண்டு. பொருந்தாத வரைபடமே ஒரு கலைச் சோதனை. எனக்கு இது பிடிக்கும். ஆனால் அந்த மாணவியின் முக்கோணத்தை வரைந்தது யார் என்று அவர் கேட்கவில்லை.

ரெட்டிபாளையத்திலிருந்து வரும் என் மாணவிகளுக்கும் ஒரு முக்கோணம் உண்டு: வீடு, பேருந்து நிறுத்தம், கல்லூரி. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையில் ஒரு பெண் காரணமின்றி நின்றால், "யார் வீட்டுப் பொண்ணு நீ?" என்று கேட்க நாலு பேர் வந்துவிடுவார்கள். ஆண் வழிதவறினால் அது பயணக் கதை. பெண் வழிதவறினாள் என்றால் தமிழில் அந்தச் சொல்லுக்கே பொருள் வேறு.

தற்செயலைக் கவிதையாக்கும் முறை நம்மிடமும் உண்டு. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில், போருக்குப் போன தலைவன் வருவானா என்றறிய முதிய பெண்கள் ஊர்ப்புறம் போகிறார்கள். நெல்லும் முல்லைப்பூவும் தூவி, காதில் விழும் சொல்லுக்காக நிற்கிறார்கள். இதுதான் விரிச்சி. குளிரில் நிற்கும் ஓர் ஆய்மகள், பசித்த கன்றிடம் உன் தாய் இப்போது வந்துவிடுவாள் என்கிறாள். தலைவியை அவள் நினைக்கவே இல்லை. தொடர்பில்லாத அந்தச் சொல்தான் நற்சொல்லாகிறது. ஆனால் வெளியே போனவர்கள் முதியவர்கள். தலைவி எழுநிலை மாடத்தில்தான் இருக்கிறாள். வயது போன பிறகே வாசலைத் தாண்ட அனுமதி.

பேருந்தில் ஏறியதும் காதில் விழும் முதல் பேச்சை ஒரு வாரம் எழுதிவரும்படி வகுப்பில் சொன்னேன். ஒருத்தி எழுதியிருந்தாள்: "இன்னிக்கு வெடி வைக்கிறாங்களாம், மாட்ட அவுத்து அந்தாண்ட கட்டு." தனக்குப் பெண் பார்க்க வந்த நாளைப் பற்றிய கவிதையில் அதையே கடைசி வரியாக வைத்தாள். அதற்குமேல் விளக்கம் எழுதவில்லை, தேவையும் இல்லை.

முக்கோணத்துக்குள்ளேயே தற்செயல் கிடைக்கிறதே, அது போதுமே என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. அலைந்து திரிந்து செய்த கலை என்று ஒன்று நம் முன் வரும்போது, நடந்தவர் எத்தனை மணிக்குக் கிளம்பினார், யாரிடம் சொல்லிவிட்டுப் போனார், கடைசிப் பேருந்து போய்விட்டால் என்ன செய்திருப்பார் என்றும் கேட்போம். இவையும் விமர்சனத்தின் கேள்விகள்தான்.