மூன்றாம் பல்லில் நிற்கும் மைனர்

தோட்டவெளியில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மன்னார்த் தீவு முழுவதுமே தட்டை நிலம்; காரை எங்கே விட்டாலும் விட்ட இடத்தில் நிற்கும். அதனால்தான் இந்தப் பக்கத்து மொறிஸ் மைனர்களில் ஹாண்ட் பிறேக்கை யாரும் கவனிப்பதில்லை. எஞ்சினுக்குச் செலவழிப்பார்கள், பெயின்ற் அடிப்பார்கள். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள பிடி மட்டும் துருவேறிக் கிடக்கும். நான் ஒரு மைனரை மதிப்பிடுவது அந்தப் பிடியைத் தூக்கிப் பார்த்துத்தான்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948 இல் வெளிவந்த கார் இது. பத்து இலட்சத்தை எட்டிய முதல் பிரித்தானியக் கார். போர்க்காலத்தில் வடக்குக்குப் பெற்றோல் வராதபோது மண்ணெண்ணெயில் ஓடிக் குடும்பங்களைச் சுமந்த வண்டிகளில் இதுவும் ஒன்று. அதன் கால் பிறேக், எண்ணெய் அழுத்தத்தில் ஒரே இணைப்பாக வேலை செய்வது. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிறேக் இல்லை. அப்போது மிஞ்சுவது, இரண்டு கேபிள்களால் பின்சக்கரங்களை மட்டும் இழுத்துப் பிடிக்கும் ஹாண்ட் பிறேக். இரவில் தலைமன்னார் வீதியின் நடுவில் அசையாமல் நிற்கும் கழுதைகளைக் கண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பிடி தளர்ந்தால் உடனே உள்ளே குனிந்து கேபிள் நட்டை இறுக்குவது பலருடைய வழக்கம். எனக்கு அது பிடிக்காது. தேய்ந்த பிறேக் சூவை மறைக்கும் வேலை அது. அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் சூ எந்நேரமும் உரசி, ட்ரம் கொதிக்கும். முதலில் சூ, பிறகுதான் கேபிள். நல்ல மெக்கானிக் இந்த ஒழுங்கை மாற்றமாட்டார்.

அவர் வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு சுகம். முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை உயர்த்தி முட்டுக் கொடுத்து, கியரை நியூற்றலில் விட்டு, ஹாண்ட் பிறேக்கை முழுதாக இறக்குவார். வீல் கப்பைக் கழற்றிச் சக்கரத்தை மெல்லச் சுற்றினால், துளை வழியே திருகாணியின் தலை தெரியும். சக்கரம் இறுகும்வரை அதை வலப்பக்கம் திருப்பி, பிறகு ஒரு 'டிக்' பின்னுக்கு. கால் பிறேக்கை ஓங்கி மிதித்து சூக்களை இடத்தில் அமரச் செய்து, மறுபடி சுற்றிக் காதைக் கொடுப்பார். சக்கரம் இழுபடாமல் சுழல வேண்டும்.

அடுத்து, பிடியை மூன்றாம் பல்லுக்கு உயர்த்துவார். கேபிள் ஒவ்வொன்றுக்கும் தனி நட். கையால் பலமாகத் தள்ளினால் மட்டும் சக்கரம் அசைய வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே கனம் காட்ட வேண்டும். இந்தச் சமனை அளக்க மீற்றர் கிடையாது. உள்ளங்கை சொல்வதைத்தான் நம்ப வேண்டும். மிருதங்கத்தின் வாரை இழுத்து இழுத்து இரண்டு பக்கமும் சேர்ப்பதுபோல, கால் சுற்று இந்த நட், அரைச் சுற்று அந்த நட் என்று அவர் போய்வருவார்.

ஆனால் மன்னாரில் உண்மையான எதிரி உப்புத்தான். சோளகக் காற்று மணலையும் உவரையும் சேர்த்து அள்ளி வரும். பின்சக்கரத்துப் பிறேக் சிலிண்டர் தன் தகட்டில் முன்னும் பின்னும் நழுவினால்தான் இரண்டு சூவும் ட்ரம்மை அழுத்தும். துரு அதைப் பிடித்துக்கொண்டால் ஒரு சூதான் வேலை செய்யும். பிறகு எத்தனை பல் தூக்கியும் பயனில்லை. ஆகவே ட்ரம்மைக் கழற்றி, சிலிண்டர் கையால் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். சூடு தாங்கும் கிறீஸ் ஒரு மெல்லிய பூச்சு போதும். சூவில் படவே கூடாது. கேபிள் உறைக்கும் கிறீஸ் கொடுக்க வேண்டும். தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய சூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கும், ஈரத்துணியால் துடையுங்கள்.

வாரக்கணக்கில் நிறுத்துவதானால் ஹாண்ட் பிறேக்கை இறக்கி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். உப்புக்காற்றில் சூ ட்ரம்மோடு ஒட்டிவிடும். ஓடும் நாட்களிலோ, தேவை இல்லாவிட்டாலும் பிடியைத் தூக்கி இறக்குங்கள். அசையாத கேபிள்தான் முதலில் இறுகும். கண்டிக்குப் போக நினைத்தால் மாத்தளை தாண்டிப் பலகடுவ ஏற்றம் வரும். அங்கே ஒரு கால் கிளச்சில், மறு கால் அக்சிலேற்றரில். வண்டியைப் பிடித்து நிறுத்துவது கை மட்டுமே. புறப்படுமுன் தோட்டவெளியிலேயே பார்த்துவிடுங்கள்.